பிழியாத துணி

ஒரே ஒரு டிக்கெட் காசு. அதுவும் முன்வரிசை டிக்கெட், இருப்பதிலேயே மலிவானது. அந்தக் காசை நான் எதிர்க்கடைப் பெட்டிக்காரம்மாவுக்குக் கடன்பட்டிருந்தேன்.

படிக்கிறவர்கள் சிரிக்கலாம். பாங்கிக் கடனைத் தவணைக்கு முன்னாலேயே கட்டி முடித்து, "ஐயா, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கக் கூடாதா" என்று மேனேஜரையே கெஞ்ச வைத்தவன் நான். ஒருத்தர் என் வாசலில் வந்து கை நீட்டும்படி எதையும் நான் பாக்கி வைத்ததில்லை. இந்த ஒன்றைத் தவிர.

மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பு என் பக்கம் வரவில்லை, நானும் அதன் பக்கம் போகவில்லை. இந்தத் தியேட்டரின் சைக்கிள் நிறுத்தத்தில் டோக்கன் கொடுக்க வந்தேன். அப்புறம் டிக்கெட் கிழித்தேன், டார்ச் அடித்து இடம் காட்டினேன், இடைவேளையில் டீ தட்டு தூக்கினேன், கடைசியில் கட்டடத்தையே வாங்கினேன். வாங்கிய அன்று முதல் வேலையாகப் பழைய முதலாளியின் நாற்காலியைத் தூக்கித் தெருவில் போட்டேன். அவர் மேல் கோபமில்லை, நாற்காலி நிறைய மூட்டைப்பூச்சி. இதை எழுத உட்கார்ந்தபோது மாப்பிள்ளை வந்து, "மாமா, நான் கொஞ்சம் திருத்திக் கொடுக்கட்டுமா?" என்றார். "நீங்க முதல்ல உங்க ஆபீஸைத் திருத்துங்க மாப்பிள்ளை" என்றேன். போய்விட்டார்.

என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். சொல்ல வந்தது அவளைப் பற்றி.

தியேட்டர் வாசலுக்கு நேர் எதிரில், ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும் அகலத்தில் ஒரு அறை. முன்பாதி கடை, பின்பாதி வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. கடையில் கம்பளி விரித்த மேசை, இஸ்திரிப் பெட்டி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். இஸ்திரி போடுவதால்தான் தெருவுக்கு அவள் பெட்டிக்காரம்மா. சட்டையை உதறி விரித்து, விரலால் தண்ணீர் தெளித்து, காலரில் ஆரம்பித்துக் கைகளுக்கு வருவாள். வாய் சும்மா இருக்காது. "ஊரு மடிப்பையெல்லாம் எடுக்கிறேன், என் நெத்தி மடிப்பை எடுக்க ஒரு பெட்டி இல்லையே அண்ணே" என்பாள். என் பால்கனி நாற்காலிகளின் தலையுறைகளை மாதம் ஒருமுறை வெளுத்து இஸ்திரி போட்டுத் தருவது அவள்தான். "உங்க பால்கனி ஆளுங்க டிக்கெட்டுக்குக் கொடுக்கிறதை விடத் தலை எண்ணெய்க்கு அதிகமாக் கொடுப்பாங்க போல" என்று ஒவ்வொரு மாதமும் சொல்வாள். கணக்கில் நான் கொஞ்சம் கூடக் கொடுத்தால் அதைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டுப் போவாள். எனக்கு இருக்கிற ரோஷத்துக்குச் சரிக்குச் சமமாக இந்தத் தெருவில் ஒருத்திக்கு இருந்ததென்றால் அது அவளுக்குத்தான்.

திரைச்சீலைக்குப் பின்னால் கட்டில். கட்டிலில் அவள் வீட்டுக்காரர். பெரிய கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர். சாரத்திலிருந்து விழுந்து ஆறு வருடமாக இடுப்புக்குக் கீழே அசைவு எதுவும் இல்லை. பேச்சும் குளறும். கைக்கு எட்டும்படி அவள் ஒரு தம்ளரும் ஸ்பூனும் வைத்திருப்பாள். ஏதாவது வேண்டுமென்றால் தட்டுவார். டொக், டொக். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கே கேட்கும். உடனே அவள் குரலும் கேட்கும்: "வர்றேன், வர்றேன்." எப்போதும் இரண்டு தடவை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே ஓடுவாள். அவரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைப்பாள், முதுகைத் துடைப்பாள், பாலில் நனைத்த ரொட்டியை ஊட்டுவாள். திரும்பி வந்து விட்ட மடிப்பிலிருந்து தொடர்வாள்.

இத்தனை வருடம் எதிரில் இருந்தும் அவள் ஒரு படம் பார்த்ததில்லை. "உள்ள வந்து உக்காந்தா அவரு தட்டுறது கேக்காதே" என்பாள்.

அந்த வருடம் ஒரு தாடிக்காரர் வந்தார். நல்ல படங்களைப் பார்க்கிற சங்கம் ஒன்று நடத்துகிறாராம். ஒரு வாரத்துக்குத் தியேட்டரை வாடகைக்குக் கேட்டார். மதியக் காட்சி, மாலைக் காட்சி, இரண்டுக்கும் ஒரே படம். கறுப்பு வெள்ளை.

"பாட்டு இருக்கா?" என்றேன்.

"இல்லைங்க."

"சண்டை?"

"இல்லைங்க. ஒரு வீடு. அதில் ஒரு பெண், படுக்கையில் ஒரு ஆண். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அதை என் வீட்லயே பாக்கலாமே தம்பி."

வாடகையை முன்கூட்டியே கட்டினார், அதனால் மேற்கொண்டு நான் கேட்கவில்லை. ஆனால் தியேட்டர் என் பெயரில் இருக்கிறது. காலிக் கொட்டகையை என்னால் பார்க்க முடியாது. யோசித்து ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினேன்: 'படம் பிடிக்கவில்லையா? இடைவேளைக்குள் வந்தால் காசு வாபஸ்.' தாடிக்காரர் முகம் சுருங்கியது. "இது கலைக்கு அவமானம்" என்றார். முதல் நாள் மதியமே அரைக் கொட்டகை நிறைந்தது. அப்புறம் அவர் அவமானத்தைப் பற்றிப் பேசவில்லை.

படமா அது? முதல் ரீல் முழுவதும் அந்தப் பெண் தண்ணீர் சுமக்கிறாள், வருகிறாள், ஊற்றுகிறாள், மறுபடி போகிறாள். ஆப்பரேட்டர் மேலே புரொஜெக்டர் அறையிலிருந்து இறங்கி வந்து, "முதலாளி, நான் தப்பா அதே ரீலைத் திரும்ப மாட்டிட்டேனோன்னு ரெண்டு தடவை பாத்துட்டேன்" என்றார். சாப்பாட்டுக் காட்சி ஒன்று வந்தது. வெளியே வந்த ஒரு லாரி டிரைவர் கவுண்டரில் காசை வாங்கிக்கொண்டே, "ஒரு ஆளு சாப்பிடறதை இவ்வளவு நேரம் எங்கம்மாகூட பாத்ததில்லைங்க" என்றார்.

ஆனால் எல்லோரும் வெளியே வரவில்லை. அதுதான் எனக்குப் புரியாதது. பாதிப் பேர் திட்டிக்கொண்டே காசை வாங்கினார்கள், பாதிப் பேர் ஆணி அடித்தது போல உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வந்தார்கள். அவர் எழுந்து, "வா போலாம், தலை வலிக்குது" என்றார். அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க போங்க. எனக்கு இப்பத்தான் ஆரம்பிக்குது" என்றாள். அவர் மட்டும் வந்து காசு வாங்கினார், வாசல் படியிலேயே உட்கார்ந்து சிகரெட்டாகப் பிடித்தார். படம் விட்டதும் அந்த அம்மா வந்தாள். இரண்டு பேரும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி விட்டு நடந்து போனார்கள். மருந்துக்கடைக்காரர் தன் வண்டியை என் நிறுத்தத்திலேயே மறந்து நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். வாயாடி மனிதர் அவர். மறுநாள் வண்டியை எடுக்க வந்தபோதும் வாய் திறக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் கேபிள் போடப் பள்ளம் தோண்டினார்கள். எதிர்ச்சாரியில் நாலைந்து நாளுக்கு மின்சாரம் இல்லை. எனக்கு ஜெனரேட்டர் உண்டு, அதற்குத்தான் முதலாளி வேண்டும் என்பது. பெட்டிக்காரம்மாவுக்குப் பெட்டி சூடாகவில்லை. வேலை இல்லாமல் உட்கார்ந்து பழக்கமில்லாத கை, மேசைக் கம்பளியைத் தட்டித் தட்டித் தூசு எடுத்துக்கொண்டிருந்தது.

"சும்மா வந்து உக்காரும்மா. பாஸ் தரேன்" என்றேன்.

"ஓசியில பாத்தா ஓசி மாதிரிதான் இருக்கும்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு வைத்து டிக்கெட் வாங்கினாள். வீட்டுக்காரருக்கு ஊட்டி, தூங்க வைத்துவிட்டுத்தான் வந்தாள். முன்வரிசையில் பக்கவாட்டுக் கதவுக்கு ஒட்டின இடம். கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைக்கச் சொன்னாள், ஸ்பூன் சத்தம் கேட்க வேண்டுமே. மூடினால்தான் தியேட்டர், திறந்தால் கல்யாண மண்டபம் என்று சொல்கிறவன் நான். அவளுக்காகத் திறந்து வைத்தேன்.

நான் எப்போதும் பின்சுவரில் சாய்ந்து நின்று தலைகளைத்தான் பார்ப்பேன், திரையைப் பார்ப்பதில்லை. முன்வரிசையில் அவள் கொண்டை தெரிந்தது. இடைவேளை வரை அந்தக் கொண்டை அசையவில்லை. இடைவேளையில் வழக்கம் போலப் பாதிப் பேர் கவுண்டருக்கு வந்தார்கள், அவள் வரவில்லை.

இடைவேளைக்கு அப்புறம் படத்துப் பெண் ஒரு படுக்கை விரிப்பைத் துவைத்துக் கயிற்றில் போடுகிறாள். காமிரா அந்த விரிப்பை நெருங்கி நெருங்கிப் போய் நின்றுவிடுகிறது. திரை முழுவதும் வெள்ளை. ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மட்டும் இறங்குகிறது. ஆப்பரேட்டர் தூங்கிவிட்டார் என்று யாரோ விசில் அடித்தார்கள். அந்த இருட்டில் பெட்டிக்காரம்மா குரல் கணீரென்று கேட்டது: "அட, பிழியவே இல்லையே! அது எப்படிக் காயும்?"

கொட்டகையே சிரித்தது. தாடிக்காரர் மட்டும் 'உஷ்' என்றார்.

சிரிப்பு அடங்கும்போது சத்தம் கேட்டது. டொக், டொக்.

"வர்றேன், வர்றேன்" என்று அவள் எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

சத்தம் தெருவிலிருந்து வரவில்லை. திரையிலிருந்து வந்தது. படத்தில் வெள்ளைத் துணி விலகி, கட்டிலில் படுத்திருந்த ஆள் கட்டில் கம்பியில் ஒரு ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தான். சிலர் மறுபடி சிரித்தார்கள். அப்போது படத்துப் பெண் வாசல் பக்கம் திரும்பினாள். அதுவரை அவள் வாயைத் திறந்ததே இல்லை. ஏதோ ஒரு பாஷையில் மெதுவாகச் சொன்னாள். கீழே தமிழில் எழுத்து ஓடியது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், ஆனால் அது சின்ன வரி: 'வருகிறேன், வருகிறேன்.'

சிரித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவள் கவுண்டருக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அவரு நல்லாத் தூங்கறாரு அண்ணே. தம்ளரும் ஸ்பூனும் நான் வெச்ச இடத்துல வெச்சபடியேதான் இருக்கு. அவரு தொடவே இல்ல."

"படத்துல தட்டினாங்கம்மா. நீ பயந்துட்டே."

"அந்தக் கட்டிலும் சுவர்ப் பக்கம்தான் போட்டிருக்கு. அவளும் அவனை இடது பக்கமாத்தான் திருப்புறா. ரொட்டியை முதல்ல தன் உதட்டுல வெச்சு சூடு பாக்கறா. எங்க வீட்டுக்குள்ள நடக்கிறதை யாரு போய் எடுத்தது?" என்றாள். அப்புறம் கையை நீட்டினாள். "காசைக் கொடுங்க."

"இடைவேளை தாண்டிருச்சேம்மா."

"நான் காசுக்கு ஆசைப்பட்டா கேக்கறேன்? நீங்க காசைத் திருப்பிக் கொடுத்தா நான் பாக்கலைன்னு ஆகும். பாக்காத படம் என்னை ஒண்ணும் பண்ணாது. கொடுங்க அண்ணே."

பலகை என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். ஒருத்திக்குக் கொடுத்தால் முழுப் படமும் பார்த்துவிட்டுப் பத்துப் பேர் வருவார்கள். சட்டத்தை வளைக்காததால்தான் டோக்கன்காரன் முதலாளி ஆனேன். "பால்கனிக்கு வேணா இலவசமா ஒரு டிக்கெட் தரேன், காசு மட்டும் கேக்காதே" என்றேன்.

நீட்டின கையைப் பார்த்தாள், மடக்கிக்கொண்டாள். "சரி. அந்த ஆளு கடைசியில என்ன ஆனான், அதையாவது சொல்லுங்க."

எனக்குத் தெரியாது. நான்தான் படம் பார்ப்பதில்லையே.

அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சியும் விடும்போது அவள் வாசலில் வந்து நின்றாள். மறுபடி உள்ளே போகவில்லை, போனால் முழுதும் பார்த்ததாகிவிடுமாம். வெளியே வருகிறவர்களைப் பிடித்துக் கேட்பாள்: "கடைசியில அந்தப் படுத்திருக்கிறவருக்கு என்ன ஆச்சுங்க?"

ஒரு வாத்தியார், "செத்துட்டாரும்மா. தெளிவாவே காட்டினாங்க" என்றார். அவர் பின்னால் வந்த அவர் சொந்தத் தம்பி, "எங்க செத்தாரு? மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருந்தாரு" என்றார். இரண்டு பேரும் வாசலிலேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். ஒரு நர்ஸ், "கட்டில் காலியா இருந்துச்சு" என்றாள். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டபோது அவர், "எனக்கு எங்க அப்பா தெரிஞ்சாரும்மா" என்று மட்டும் சொன்னார். தூங்கினவர்கள் எல்லோரும் நல்ல முடிவு என்றார்கள்.

தாடிக்காரரையும் விடவில்லை.

"அது அவங்கவங்க மனசைப் பொறுத்ததும்மா" என்றார் அவர்.

"என் மனசு கிடக்கட்டும் தம்பி. அந்த ஆளு இருக்கானா, போனானா?"

"அதைத்தான் அந்தப் படம் நம்மகிட்ட கேக்குது."

"அதைத்தான்யா நானும் உன்கிட்ட கேக்கறேன்!"

தெரு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அவள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த உடம்பு இதைத் தாங்க வேண்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். என் வீட்டுக்காரி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "என்னங்க, அவ ரொம்ப பயந்து கிடக்கறா. அந்தப் படத்துக்காரன் செத்தா இவரும் போயிடுவாருன்னு நம்பறா. நீங்களே போய்ப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றாள்.

கடைசி நாள் மாலைக் காட்சி. என் சொந்தத் தியேட்டரில் நான் முதல் தடவையாக உட்கார்ந்து படம் பார்த்தேன். பால்கனியில், அவள் இஸ்திரி போட்ட தலையுறையில் தலை சாய்த்து.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அலுக்கவில்லை. முதலில் கால் மரத்தது. அப்புறம் அந்தப் பெண் தண்ணீர் ஊற்றும்போது எனக்குத் தாகம் எடுத்தது. அப்புறம் நான் உட்கார்ந்திருப்பதே மறந்தது. என் பக்கத்தில் ஒருவர் எழுந்து, "சாவடிக்கிறாங்கப்பா" என்று முணுமுணுத்துப் போனார். இந்தப் பக்கம் ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

கடைசி ரீலில் மறுபடி அந்த வெள்ளை விரிப்பு வந்தது. திரை முழுவதும் வெள்ளை. சொட்டு இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வெள்ளைக்குப் பின்னால் நிழலாக ஏதோ அசைந்தது. படுத்திருந்தவன் எழுந்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தரையில் ஊன்றினான். போர்வையை மடித்தான், காலர் மடிப்பது போல ஓரம் ஓரமாக. நடந்து வெளியே போனான். கட்டிலில் அந்தப் பெண் படுத்திருந்தாள், முகம் சுவர்ப் பக்கம். அப்புறம் கொட்டகை விளக்குகள் எரிந்தன.

வெளியே வந்தபோது எதிர்ச்சாரியில் மின்சாரம் வந்திருந்தது. அவள் தேங்கிப் போன துணிகளுக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அவன் எழுந்துட்டான்மா" என்றேன். "எழுந்து, தன் காலால நடந்து போறான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"சத்தியமா?"

"முப்பது வருஷத் தொழில் மேல சத்தியம்."

கம்பளியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். அப்புறம் கேட்டாள்: "அவ?"

"அவ தூங்கறா."

"தூங்கட்டும்" என்று சிரித்தாள். அந்தப் படம் பார்த்த நாளுக்கு அப்புறம் முதல் சிரிப்பு. "ஆறு வருஷத் தூக்கம் பாக்கி இருக்கில்ல."

நான் பையில் கை விட்டேன். அன்றைக்கு மனசு இளகியிருந்தது, சட்டத்தை ஒரு தடவை வளைத்தால் வானம் இடிந்துவிடாது என்று தோன்றியது. "இந்தா, உன் டிக்கெட் காசு."

"இப்ப எதுக்கு? பாத்தது நல்லதாத்தானே முடிஞ்சிருக்கு. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். உள்ளே பார்த்து, அவருக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "அவரு நடந்து வந்து வாங்கிக்கட்டும்!"

மறுநாள் காலை ரீல் டப்பாக்களைக் கட்டி அனுப்பினோம். அப்போது ஆப்பரேட்டரிடம் சொன்னேன், "கடைசியில அந்த ஆளு எழுந்து போறான் பாரு, அது நல்லா எடுத்திருக்கான்யா."

ஆப்பரேட்டர் கயிற்றை முடிச்சுப் போடுவதை நிறுத்தினார். "யாரு முதலாளி எழுந்தா?"

"படுத்திருந்தவன்."

"கடைசி ரீல்ல ஆளே இல்லையே. வெறும் வெள்ளைத் துணிதான், முடியிற வரைக்கும். இந்தக் கையாலதானே வாரம் பூரா ஓட்டினேன்."

தாடிக்காரரும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு ரொம்ப சந்தோஷப்பட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கதான் உண்மையான ரசிகர்" என்றார். இரண்டு பேரையும் நான் நம்பவில்லை. என் கண் என் கண்தான். ஆனால் டப்பா போய்விட்டது, திரும்பப் போட்டுப் பார்க்க வழியில்லை.

அந்த வாரமே பெட்டிக்காரம்மாவின் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் இறங்கியது. அடுத்த மாதம் ஒரு நாள் காலையில், தெருவுக்குக் குறுக்கே அவள் கத்தினாள்: "அண்ணே! கால் கட்டைவிரல் ஆடுச்சு!" நான் கவுண்டரிலிருந்து எழுந்து கை தட்டினேன். அப்புறம் முழங்கால். அப்புறம் சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். டாக்டர் தன் புத்தகத்தில் இல்லாதது என்றார். "என் தியேட்டர்ல இருக்கு" என்றேன்.

ஆனால் அவளுக்கு என்னவோ தூக்கமாக வந்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. பால்கனித் தலையுறைகள் வந்தபோது ஒன்றில் பெட்டி வடிவத்தில் பழுப்புத் தழும்பு இருந்தது. அவள் கையில் ஒரு துணி கருகி நான் பார்த்ததில்லை.

"நின்னுக்கிட்டே கண்ணு சொருகிடுச்சு அண்ணே. துணிக்குக் காசைக் கழிச்சுக்கங்க."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. தூக்கம்தான் வருது."

நான் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், பார்த்தாள். ஒன்றுமில்லை, ஓய்வு எடுங்கள் என்றாராம். கடை சில நாள் மதியத்தோடு மூடியது. சில நாள் திறக்கவே இல்லை. வாய் குறைந்தது. தலை எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தலையுறைகளை வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு நாள் மதியக் காட்சிக்குக் கவுண்டர் திறந்து உட்கார்ந்திருந்தேன். தெருவில் வெயில். எதிரே ஸ்பூன் சத்தம் கேட்டது. டொக், டொக். பழகின சத்தம், நான் சில்லறையை அடுக்கிக்கொண்டே இருந்தேன். அப்புறம் பதில் குரல் வந்தது.

"வர்றேன், வர்றேன்."

ஆண் குரல்.

கையில் இருந்த சில்லறையை அப்படியே வைத்திருந்தேன். போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தேன், ஆனால் டிக்கெட்டுக்கு ஆள் வந்துவிட்டது, உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரியை மாலை அனுப்பினேன். "அவரு எழுந்து நடமாடறாருங்க. அவளைப் பாக்க விடல. தூங்கறா, எழுப்ப வேணாம்னுட்டாரு" என்றாள். வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் அவள் சமையலுக்குப் போனாள்.

மறுநாள் காலை நான் தியேட்டர் கதவைத் திறக்க வந்தபோது எதிர்க்கடை வாசலில் கயிறு கட்டி ஒரு படுக்கை விரிப்பு போட்டிருந்தது. வெள்ளை. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி வாசலில் குட்டையாகத் தேங்கியிருந்தது. பிழியவே இல்லை. அவள் போட்ட துணி இல்லை அது. அவள் போட்டால் ஒரு சொட்டு விழாது.

கவுண்டருக்குள் போய் விளக்கைப் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ வந்து நிற்கிற நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். ஆறு வருடம் திரைச்சீலைக்குப் பின்னால் படுத்திருந்தவர் நின்றார். அவள் இஸ்திரி போட்ட சட்டை, மடிப்புக் கலையாத சட்டை. முகம் வெளுத்திருந்தது. பேச்சில் குளறல் இல்லை.

"உங்ககிட்ட ஒரு டிக்கெட் காசு இருக்காமே" என்றார். "நடந்து வந்து வாங்கிக்கச் சொன்னா."

"அவ எங்க?"

அவர் திரும்பி எதிர்க்கடையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காற்று இல்லை, ஆனாலும் அந்த ஈர விரிப்பு ஒரு பக்கமாக விலகியது. திறந்த கதவுக்குள், விலக்கிவிட்ட திரைச்சீலைக்கு அப்பால், கட்டில் தெரிந்தது. கட்டிலில் ஒரு கொண்டை தெரிந்தது. முகம் சுவர்ப் பக்கம்.

"தூங்கறா" என்றார்.

ஜன்னல் துவாரத்தில் கையை நீட்டி விரித்தார். நான் கல்லாவைத் திறந்தேன். முன்வரிசை டிக்கெட், இருப்பதிலேயே மலிவானது, எல்லாம் சில்லறை. ஒவ்வொரு நாணயமாக எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தேன். ஆறு வருடம் ஸ்பூனைத் தவிர எதையும் தொடாத கை, குழந்தையின் கை போல மெத்தென்று இருந்தது. ஈரமாகவும் இருந்தது.